பிரிம்லி டிரம்மின் குணமும் குறையும்

புத்தூரில் பேண்டு செட் வைத்திருக்கும் இருவர் போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் பிரிம்லி பெரிய டிரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டார்கள்.

"ஒரே வார்த்தையில சொல்லிடுங்க சார்" என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்படிச் சொல்லக்கூடிய சாமான் இல்லை அது என்றேன். உட்காரவைத்து விவரமாகச் சொன்னேன். அன்று சொன்னதைத்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

சித்தூர் கடைத்தெருவில் இருந்த ஒரு வாத்தியக் கடையில் டிரம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கடைதான் இந்த ஜில்லா முழுவதற்கும் பிரிம்லியின் ஏஜெண்டு. குப்பம் வரைக்கும் ஒரு பக்கம், காளஹஸ்தி வரைக்கும் ஒரு பக்கம், பள்ளிக்கூட பேண்டு, கல்யாண பேண்டு, ஊர்வல பேண்டு என்று எங்கே ஒரு பிரிம்லி இருந்தாலும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் தோலைப் பூட்டியவன் நானாகத்தான் இருப்பேன். அதைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்தில் என்னைவிட உரிமை உள்ளவர் இன்று யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பிரிம்லி இங்கிலாந்துச் சரக்கு. அதன் முதல் குணம் உருளை. எந்தப் பக்கம் அளந்தாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். லாரியில் உருண்டாலும், யானை பக்கத்தில் மிரண்டு கூட்டம் மேலே விழுந்தாலும் கோணாது. உருளை கோணாத டிரம்மில்தான் தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடும். அப்போதுதான் அடி தெளிவாக விழும், தூரம் போகும். இரண்டாவது குணம் திருகு. அந்தக் காலத்தில் மீரட்டிலிருந்து வந்த டிரம்களுக்குத் தோலை இழுத்துப் பிடிப்பது கயிறு. பிரிம்லிக்கு இரும்புத் திருகு. அதிலும் பெரிய டிரம்மில் இரண்டு பக்கத் தோலுக்கும் தனித்தனித் திருகுகள். உருளையின் நடுவில் உள்ள பித்தளைக் குமிழில் வந்து பிடிக்கும். ஒரு பக்கத் தோல் போனாலும் மறுபக்கம் தளராது. ஒரு தடவை முடுக்கிவிட்டால், நீ தளர்த்தும் வரைக்கும் அது விடாது.

குறைகளும் அங்கேயே இருக்கின்றன. அந்தத் திருகை எந்த ஸ்பேனராலும் திருப்ப முடியாது. டிரம்மோடு வரும் சதுரச் சாவி ஒன்று உண்டு, அதுதான் வேண்டும். சாவி தொலைந்தால் டிரம் ஊமை. திருகின் மரை நம் ஊர் மரையோடு ஒத்துப் போகாது. ஒரு திருகு உடைந்தால் பம்பாய்க்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிற்பாடு வெளிநாட்டுச் சாமான் வரத்து குறைந்தபோது அதுவும் இல்லை என்று ஆயிற்று. மூன்றாவது குறை கனம். பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திருப்பதி நான்கு மாட வீதியைச் சுற்றி வந்தவனிடம் கேட்டால் சொல்வான். நான்காவதாக ஒரு குறை உண்டு. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

நான் வேலை கற்றது ஒன்றும் பெரிய கதை இல்லை. நகரி பக்கத்தில் எங்கள் குடும்பம் நிலக்கடலை பயிரிட்டது. எனக்கு நிலத்தில் மனம் ஓடவில்லை. சித்தூருக்கு வந்து, முதலில் ஆர்மோனியத் துருத்தி ஒட்டினேன். பிறகு தோல் ஊறவைத்தேன். பிறகு டிரம்முக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். கன்றுத் தோலில் எது முதுகு, எது வயிறு என்று விரலால் தடவிச் சொல்லத் தெரிந்த பிறகு என்னை ஃபிட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடை மேனேஜர் கோவிந்தராஜுலு. தாய்மொழி தெலுங்கு. தமிழனிடம் தமிழ் பேசுவார், தெலுங்கனிடம் தெலுங்கு பேசுவார், கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். ஒரு டிரம் கடைக்கு வந்தால் அடித்துப் பார்க்கமாட்டார். உருளையைச் சுற்றி ஒரு தடவை நடப்பார். பிறகு குனிந்து காதைத் தோலுக்கு மிக அருகில் வைத்து, நகத்தால் ஓரத்தில் மெல்லச் சுண்டுவார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி சுண்டுவார். ஒரு சுற்று முடிந்ததும் என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்பார். நான் சொன்னது சரியாக இருந்தால் கோட்டின் பொத்தானைத் தடவுவார். தவறாக இருந்தால் மறுபடியும் சுற்றச் சொல்லுவார். எங்கே தவறு என்று சொல்லமாட்டார்.

விற்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாங்க வந்தவர் ஆசையாக டிரம்மைத் தடவிக்கொண்டிருக்கும்போது, குறைகளைத்தான் முதலில் எடுத்து வைப்பார். சாவி, மரை, கனம், எல்லாம். கேட்டவர்களில் பாதிப் பேர் முகம் சுருங்கும். கம்பெனி ஆள் ஒருவர் பம்பாயிலிருந்து வந்திருந்தபோது இதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். கோவிந்தராஜுலு அவரிடம், "இப்போ நான் சொன்னா அது சேதி. அப்புறம் அவங்களே கண்டுபிடிச்சா அது சண்டை" என்றார். எங்கள் கடையில் வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து நாங்கள் அதன் பக்கம் வந்தபோது கடைக்கு ஒரு வினோதமான வேலை வந்தது. பல பள்ளிகளின் டிரம்களில் பழைய சென்னை ராஜ்யத்தின் பேரும் முத்திரையும் எழுதியிருந்தன. அவற்றை அழித்துத் தெலுங்கில் எழுதித் தரவேண்டும். மீரட் டிரம்கள் சுலபம். கொஞ்சம் டர்பெண்டைன் போட்டுத் துடைத்தால் பெயிண்டு கையோடு வந்துவிட்டது. பிரிம்லியின் எனாமல் அசையவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சூடு காட்டினேன். பேர் பளபளவென்று அப்படியே இருந்தது. மேலே வெள்ளை பூசித் தெலுங்கில் எழுதினோம். ஒரு கோடை போனதும் வெள்ளை உரிந்து, தெலுங்குக்கு நடுவில் பழைய எழுத்துகள் எட்டிப் பார்த்தன. ஒரு தலைமையாசிரியர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஏ ராஜ்யம் டிரம்மு சாமி, எந்த ராஜ்யம்?" என்று கேட்டார். கோவிந்தராஜுலு உட்பட கடையே சிரித்தது. கடைசியில் அழிக்கும் யோசனையை விட்டுவிட்டு, பேர் இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகட்டை அடித்து அதில் எழுதிக் கொடுத்தேன்.

சிரிக்க முடியாத விஷயம் சில வருஷம் கழித்து வந்தது. எல்லை முடிவாகி, திருத்தணி அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம், ஆந்திராவுக்கு வந்தது. எங்களுக்கெல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பது பஸ் டிக்கெட்டில் மட்டும் தெரிந்த வித்தியாசம் இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு ராஜ்யம், தம்பி ஒரு ராஜ்யம் என்று ஆனது. சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள், வீட்டுக்குள் முடங்கிக் கொண்டவர்களும் இருந்தார்கள்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் அதைக் கொண்டாட வரவேற்பு விழா ஏற்பாடு செய்தார்கள். திருப்பதியிலிருந்து முனிரத்தினம் என்பவரின் பேண்டு செட்டை அமர்த்தியிருந்தார்கள். அவருடைய பெரிய டிரம் பிரிம்லி, எங்கள் கடையில் வாங்கியது. அதே சமயம் திருப்பதியில் ஒரு பள்ளி டிரஸ்ட்டுக்கு முழு டிரம் செட்டு வாங்க யோசனை நடந்துகொண்டிருந்தது. அதன் காரியதரிசி சேஷாச்சாரி, பிரிம்லியையும் மீரட் டிரம்மையும் திறந்த வெளியில் ஒன்றாகக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார். ஊர்வலம் அதற்குத் தோது என்று, கோவிந்தராஜுலுவும் நானும் ஒரு மீரட் கயிற்று டிரம்மை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். சேஷாச்சாரியும் வந்திருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கூட்டம் ஒரு மாதிரியாக நின்றிருந்தது. நடுவில் ஒரு பெஞ்சின் மேல் பிரிம்லி. அதன் ஒரு பக்கத் தோல் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் டிரம்காரன் ஏகாம்பரத்தை இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஏகாம்பரம் எனக்குத் தெரிந்தவன். அதே ஊர்க்காரன்தான், பிழைப்புக்குத் திருப்பதியில் இருந்தான். நடந்தது இதுதான். பேண்டு செட்டு லாரியில் வந்து இறங்கியதும், டிரம்மைப் பந்தலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் படாரென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் தோல் கிழிந்து கிடக்கிறது, பக்கத்தில் இவன் ஒருவன்தான் நிற்கிறான். இடுப்பில் பாக்கு நறுக்கும் சிறு கத்தி இருந்தது. அதோடு, அன்று காலையில் லாரியில் ஏறும்போது, "எங்க ஊரை அந்தாண்ட தள்றதுக்கு நானே டிரம்மு அடிக்கணுமா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறான்.

இதைச் சொன்னவர் முனிரத்தினமே. அவரும் தமிழர்தான். ஆனால் விழாக்காரர்கள் தன்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. "என் செட்டுல இப்படி ஒருத்தன் இருப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. போலீசுல குடுத்துடுங்க" என்று விழாத் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விழாத் தலைவர் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு தெலுங்குக்காரர். நிதானமானவர். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் நிதானமாக இல்லை. பந்தலுக்கு வெளியே ஏகாம்பரத்தின் உறவுக்காரர்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களும் நிதானமாக இல்லை. யாராவது ஒருவன் கையை ஓங்கியிருந்தால் போதும்.

"நான் கிழிக்கலன்னு சொல்லிக்கினே இருக்கேன், யாரும் கேக்கல" என்றான் ஏகாம்பரம் என்னைப் பார்த்து. "எனக்கு இஷ்டமில்லதான். அதை வாயால சொன்னேன். தோலுக்கிட்ட போயி ஏன் காட்டணும்?"

கோவிந்தராஜுலு டிரம்மைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். சங்கடமான கிழிசல். தோல் தானாகப் பிளந்தால் வளைந்து ஓடும். ஓரங்கள் பிசிறாக, நார் நாராக இருக்கும். கத்தி போட்டால் நேராக ஓடும். ஓரம் வழுவழுப்பாக இருக்கும். இந்தக் கிழிசலில் இரண்டும் இருந்தன. விளிம்புக்குப் பக்கத்தில் பிசிறு. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டதைப் போல நேர். யார் பார்த்தாலும் கத்தி என்றுதான் சொல்வார்கள்.

நான் விரலை வைத்துத் தடவினேன். நேராக இருந்த பகுதிக்குப் பக்கத்தில் தோல் தடிப்பாக இருந்தது. கன்றின் முதுகெலும்பு ஓடிய இடம் அது. தோலில் அந்தக் கோடு எப்போதும் இருக்கும். ஓடிவந்த பிளவு அந்தத் தடிப்பில் முட்டி, அதைத் தாண்ட முடியாமல் அதன் ஓரமாகவே நேராக ஓடியிருக்கிறது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த டிரம்முக்கு நான்காவதாக ஒரு குறை உண்டு என்றேனே, இதுதான்.

"நேத்து எங்க வாசிச்சீங்க?" என்று முனிரத்தினத்தைக் கேட்டேன்.

"திருப்பதியில ஊர்வலம். தூறல் போட்டுது."

"தோல் தளந்துச்சா?"

"தளந்துச்சு. நல்லா முடுக்கினோம்."

"வாசிச்சு முடிச்சப்புறம் தளத்தினீங்களா?"

அவர் தன் கோட்டுப் பையைத் தொட்டார். ஏகாம்பரம் சொன்னான். "சாவி அவருகிட்ட. நான் கேட்டேன். காலையில பாத்துக்கலாம்னுட்டாரு."

ஈரத்தில் தோல் தளரும். அந்த நிலையில் முடுக்கினால் ஓசை வரும். ஆனால் மறுநாள் வெயிலில் காயும்போது தோல் சுருங்கிக்கொண்டே போகும். கயிற்று டிரம்மாக இருந்தால் கயிறு கொஞ்சம் கொடுக்கும், அதை இறுக்கும் தோல் வார்கள் கொஞ்சம் நழுவும். பிரிம்லியின் திருகு கொடுக்காது. எது அதற்குப் பெருமையோ அதுவே அன்று தோலைப் பிளந்துவிட்டது. பங்குனி வெயிலில் லாரியில் வந்து, பந்தலுக்கு வெளியே பெஞ்சில் காய்ந்து, கிழிந்த பிறகுதான் உள்ளே வந்திருக்கிறது. வேறென்ன நடக்கும்?

இதை நான் கோவிந்தராஜுலுவிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். தோலை அழுத்திப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் கிழிசல் அதற்கு அடியிலிருந்துதான் ஆரம்பித்திருக்கும், அங்கே கத்தி போகாது, இப்போதே கழற்றிக் காட்டுகிறேன் என்றேன்.

"கழட்டாதே" என்றார். "நீ கழட்டினா, கழட்டும்போது நீதான் கிழிச்சேன்னு சொல்லுவாங்க. நீயும் தமிழன். அந்தப் பக்கத் தோல் எப்படி இருக்கு?"

நான் மறுபக்கத்துக்குப் போய்க் காதை வைத்துச் சுண்டினேன். ஓசை வழக்கத்தைவிட மிக மேலே போயிருந்தது. அடித்தால் கண்ணாடிபோல் இருக்கும் என்று தோன்றியது.

"இதுவும் போகும்" என்றேன்.

"நிச்சயமா? சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லு. அவன் தலை அதுல இருக்கு."

"போகும் சார்."

அவர் கோட்டின் பொத்தானைத் தடவினார். பிறகு விழாத் தலைவரிடம் போய்த் தெலுங்கில் பேசினார். அவர் சொன்னதைத் தமிழில் கூட்டத்துக்கும் சொன்னார். "இந்த டிரம்மை வித்தவன் நான். இது தானா கிழிஞ்சதா, கத்தி போட்டதான்னு நீங்களே பாக்கலாம். மறுபக்கத் தோல் முழுசா இருக்கு. யாரும் தொடவேண்டாம். வெயில்ல வைக்கறோம். எல்லாரும் தள்ளி நில்லுங்க. அதுவும் கிழிஞ்சா இந்த ஆளை விடணும். கிழியலைன்னா நான் குறுக்கே வரமாட்டேன். ரெண்டு தோலும் கடைச் செலவு."

பிறகு முனிரத்தினத்திடம் கையை நீட்டினார். "சாவி?"

முனிரத்தினம் தன் கோட்டுப் பையிலிருந்து சதுரச் சாவியை எடுத்தார். கோவிந்தராஜுலு அதை வாங்கவில்லை. விழாத் தலைவரின் கையில் கொடுக்கச் சொன்னார். காலையிலிருந்து சாவி எங்கே இருந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

பெஞ்சோடு டிரம்மைத் தூக்கி மைதானத்தின் நடுவில் வைத்தோம். முழுத்தோல் சூரியனைப் பார்த்திருந்தது. கூட்டம் வட்டமாக நின்றது. ஒரு பக்கம் தோரணம் கட்ட வந்தவர்கள், மறுபக்கம் ஏகாம்பரத்தின் ஆட்கள். நடுவில் வெயில். கோவிந்தராஜுலு ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டு வெயிலிலேயே உட்கார்ந்தார். கோட்டை அப்போதும் கழற்றவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஒரு மேகம் வந்து மூடியது. இளைஞர்களில் ஒருவன், "இது நாடகம்" என்றான். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் தோலை நான் சுண்டிக் கேட்டிருந்தேன். என் காது அதுவரை என்னைக் கைவிட்டதில்லை. விழாத் தலைவர் ஒரு சொம்பு மோர் வரவழைத்தார். முதலில் ஏகாம்பரத்துக்குக் கொடுக்கச் சொன்னார். தோளைப் பிடித்திருந்தவர்கள் அவன் குடிப்பதற்காகக் கையை எடுத்தார்கள். பிறகு மறுபடி பிடிக்கவில்லை.

மேகம் விலகியது. வெயில் திரும்ப விழுந்து கொஞ்ச நேரத்தில், யாரும் அருகில் இல்லாதபோது, டிரம் வெடித்தது. மைதானத்துக் காக்கைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்தன.

கூட்டம் டிரம்மை நோக்கி நகர்ந்தது. முனிரத்தினம் முதலில் போய்ப் பார்த்தார். "இது வளைஞ்சு கிழிஞ்சிருக்கே. அது நேரா இல்ல இருக்கு?" என்றார். சரியான கேள்விதான்.

"இப்போ கழட்டு" என்றார் கோவிந்தராஜுலு.

விழாத் தலைவர் சாவியை என் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்க்க இரண்டு பக்க வளையங்களையும் கழற்றினேன். இரண்டு கிழிசலும் வளையத்துக்கு அடியில், தோல் மடிந்து உள்ளே போகும் இடத்தில்தான் தொடங்கியிருந்தன. முதல் தோலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து முதுகுக் கோட்டைக் காட்டினேன். விழாத் தலைவர் தன் விரலால் தடவிப் பார்த்தார். பின்னால் நின்ற இளைஞர்களில் 'நாடகம்' என்றவனைக் கூப்பிட்டு அவன் விரலையும் வைத்துத் தடவ வைத்தார்.

"அவுனு, இக்கட தடிப்பா உந்தி" என்று தடிப்பு இருப்பதை அவனும் ஒப்புக்கொண்டான்.

விழாத் தலைவர் கோவிந்தராஜுலுவிடம் திரும்பினார். "அப்போ தப்பு டிரம்மோடதா?"

"அவுனண்டி. வெயிலுக்கும் ஈரத்துக்கும் நடுவுல இந்த டிரம்மு விட்டுக்கொடுக்காது. வாசிச்சு முடிச்சா தளத்தணும். விக்கும்போதே சொல்லித்தான் வித்தேன்." அவர் முனிரத்தினத்தைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது.

"சொன்னாரு" என்றார் முனிரத்தினம். "நான்தான் காலையில பாத்துக்கலாம்னு விட்டேன்." ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார், முகம் துடைத்துக்கொள்ள. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

சேஷாச்சாரி இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தார். வியாபாரம் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். "குறையை நாலு பேருக்கு நடுவுல ஒத்துண்டேளே, அது போதும். ஆனா பெரிய டிரம்மை இதுல வாங்கமாட்டேன். பசங்க தளத்த மறந்துடுவா" என்றார். சின்ன டிரம்கள் பிரிம்லி, பெரியது மீரட் என்று பிறகு வாங்கினார். அது நியாயமான முடிவு. அந்த டிரஸ்ட்டுக்கு நானாக யோசனை சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

புத்தூர்க்காரர்களுக்கும் இதைத்தான் சொன்னேன். சாவி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மழையில் முடுக்கியதை அன்றே தளர்த்தும் பொறுமையுள்ள ஆள் உங்கள் செட்டில் இருந்தால் பிரிம்லிக்கு ஈடு கிடையாது. மத்தியில் நின்று பேசுகிற மாதிரி ஓசை, தெரு முனை வரைக்கும் உருவம் கலையாமல் போகும். அந்த ஆள் இல்லையென்றால் கயிற்று டிரம் போதும். அது கொஞ்சம் மந்தம், ஆனால் உங்கள் மறதியைப் பொறுத்துக்கொள்ளும். இப்போது வரும் பிளாஸ்டிக் தோலைப் பூட்டினால் இந்தக் குறையே போய்விடாதா என்று இளையவர் கேட்டார். போய்விடும்தான். பூட்டிப் பாருங்கள், எனக்கும் கேட்க ஆசை என்றேன்.

அன்றைய கதை அதோடு முடியவில்லை. ஊர்வலம் பாக்கி இருந்தது. பெரிய டிரம்முக்கு இரண்டு பக்கமும் தோல் இல்லை. நாங்கள் கொண்டுபோன மீரட் டிரம்மை இறக்கினோம். கோவிந்தராஜுலு அன்று முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, என்னோடு உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். பிரிம்லியின் ஏஜெண்டு மீரட் டிரம்முக்குக் கயிறு இழுத்தது அந்த ஒரு நாள்தான்.

அடிக்க யார் என்ற கேள்வி வந்தது. விழாத் தலைவர் ஏகாம்பரத்திடம் தமிழிலேயே சொன்னார். "நீ போகணும்னா போகலாம் தம்பி. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

ஏகாம்பரம் யோசித்தான். வெளியே நின்ற அவனுடைய ஆட்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடிக்கறேன்னு ஒத்துக்கினு வந்தேன்" என்றான். "இப்ப போனா, மாட்டிக்கினு தப்பிச்சிப் போனான்னு பேச்சு வரும். அடிச்சிட்டே போறேன்." வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

ஊர்வலம் பெரிய தெருவைச் சுற்றிவிட்டு அவனுடைய தெருவுக்குள் நுழைந்தது. அங்கே பல வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. எங்கேயும் தோரணம் இல்லை. முன்னால் வாத்தியங்கள் வேகமாக வாசித்துத் தெருவைக் கடந்துவிடப் பார்த்தன. ஏகாம்பரம் வேகத்தைக் கூட்டவில்லை. பெரிய டிரம் வைக்கும் அடிக்குத்தான் மற்றவர்கள் நடக்கவேண்டும். ஆகவே எல்லோரும் அவன் நடைக்கு வந்தார்கள். எந்த ராஜ்யத்து விழா என்று தெரியாத ஒருவன் கேட்டால், அவனுக்கு அந்த அடி சந்தோஷமாகவும் பட்டிருக்காது, துக்கமாகவும் பட்டிருக்காது. ஒன்று தப்பாமல் விழுந்தது.

ஊர்வலத்தின் கடைசியில் நடந்துகொண்டிருந்த என்னை ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேலுக்குச் சட்டை இல்லை. கடலைக்காட்டிலிருந்து வந்த மண் முழங்கால்வரை அப்படியே இருந்தது. ஏகாம்பரத்தின் அப்பா. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீதானே டிரம்மைக் கழட்டிக் காட்டினவன்?"

"ஆமாம் நைனா."

"அவன் கிழிக்கலியா?"

"இல்ல. வெயில்ல தானா போச்சு."

அவர் தெருவைப் பார்த்தார். டிரம் தெருமுனைக்குப் போயிருந்தது.

"கிழிச்சிட்டான்னு வந்து சொன்னாங்க. நான் சந்தோஷப்பட்டேன். பையன் ஒண்ணு செஞ்சானேன்னு நெனச்சேன்" என்றார். "ஆனா செய்யாததுக்கு எவன் கையிலயும் அவன் அடி வாங்கக்கூடாது. நீ சொன்னது சரிதான்."

மகன் அடித்துக்கொண்டு போவதைக் கேட்டு அவருக்குக் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மாடி, அவன் இன்னும் துன்னலியாம். சோறு எடுத்து வை" என்று குரல் கொடுத்துவிட்டு, தெருமுனையை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.